தீபாவளிப் படம் எடுப்பவர்களுக்கு: வெளிச்சத்தைக் குறையுங்கள், தள்ளி நில்லுங்கள்

தீபாவளி நெருங்குகிறது. இது வாழ்த்துப் பதிவு இல்லை, வாழ்த்து அன்றைக்குக் காலையில் தனியாக வரும். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். அவசரமாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டு முடித்து நிதானமாகப் படியுங்கள்.

போன தீபாவளிக்கு நம் பேட்ச் குரூப்பிலும் குடும்பக் குரூப்பிலும் வந்த வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. பெட்டியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று படம் போட்டிருந்த எதுவும் வீடியோவில் அந்த நிறத்தில் வரவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை. அடுத்தது, படம் எடுத்தவர் நின்ற இடம் ரொம்பக் கிட்டே. இவை இரண்டும் வேறு வேறு என்று நீங்கள் நினைக்கலாம். ஒரே காரணத்துக்குப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் என்பது என் கட்சி. ஃபோனை அதன் போக்கில் ஆட்டோவில் விட்டால், அது வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும், தூரத்தையும் கூட்டிக் காட்டும். முதலாவதில் நிறம் போகிறது. இரண்டாவதில் போவது கண்ணாகவோ விரலாகவோ இருக்கலாம்.

முதலில் நிறத்துக்கு வருகிறேன். பட்டாசின் நிறம் பெயிண்ட் இல்லை, உப்பு. சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்குப் பேரியம், மஞ்சளுக்குச் சோடியம், நீலத்துக்குத் தாமிரம். வெள்ளிப் பொறிக்கு அலுமினியம், பொன் பொறிக்கு இரும்புத்தூளும் கரித்தூளும். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் ஆய்வகத்தில் சுடர் சோதனை செய்தீர்களே, அதேதான் வானத்தில் நடக்கிறது. இவற்றில் நீலம்தான் கடினமானது. தாமிரச் சேர்மம் அதிக சூட்டில் சிதைந்துவிடும், சூடு குறைந்தால் வெளிச்சம் போதாது. அந்த நடுப் பதத்தைப் பிடிப்பது கைப்பழக்கம். ஆகவே உங்கள் படத்தில் நீலம் நீலமாகவே வந்திருந்தால் செட்டிங் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறம் ஏன் வெளுத்துப் போகிறது? கேமராவின் சென்சாரில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று டம்ளர் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு ஒளி விழுந்தால் சிவப்பு டம்ளர் வேகமாக நிறையும், மற்ற இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் தெறிக்கும். சரியான நேரத்தில் குழாயை மூடினால் சிவப்பு டம்ளர் முக்கால், மற்றவை கால்வாசி. படத்தில் நல்ல சிவப்பு. குழாயைத் திறந்தே விட்டால் மூன்றும் விளிம்பு வரை நிறைந்துவிடும். மூன்றும் நிறைந்தால் வெள்ளை. அதற்கப்புறம் எந்த எடிட்டிங் ஆப்பும் அந்தச் சிவப்பைத் திருப்பிக் கொண்டுவராது.

இப்போது ஃபோன் என்ன செய்கிறது என்று பாருங்கள். தீபாவளி என்பது அமாவாசையை ஒட்டிய இரவு. திரையில் முக்கால் பங்கு கறுப்பு. ஃபோனுக்கு நாம் பட்டாசை எடுக்கிறோம் என்று தெரியாது. அது அந்தக் கறுப்பைப் பார்த்து, “இருட்டாக இருக்கிறது, இன்னும் திற” என்று குழாயை முழுக்கத் திறக்கிறது. நட்ட நடுவில் பட்டாசு எரிகிறது. வேறு என்ன ஆகும்?

இதில் எனக்கு வருத்தம் வரக் காரணம் இருக்கிறது. நம் ஊரிலிருந்து திருவேங்கடம் வழியாகப் பஸ் ஏறினால் சிவகாசி ஒன்றரை இரண்டு மணி நேரம். 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். அதிலிருந்து வளர்ந்த தொழில் இது. திருவேங்கடம் பக்கமும் பட்டாசு ஆலைகள் உண்டு. இதைப் படிக்கிறவர்களில் எத்தனையோ பேருடைய அம்மாக்களும் அத்தைகளும் தீப்பெட்டிக் கட்டும் பட்டாசுச் சரமும் செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். அன்றைக்குச் சிவகாசி பக்கத்து முதலிப்பட்டியில் ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். காப்பாற்றவும் பார்க்கவும் ஓடிப்போன ஊர்க்காரர்களும் அதில் உண்டு. (இந்த இடத்தில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எங்கே ஆலை எரிந்தாலும், குடோன் எரிந்தாலும் ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். முதல் வெடி கடைசி வெடியாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.) அப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் கலந்த நீலத்தை, நாம் ஒரு பட்டனைத் தொடச் சோம்பல்பட்டு வெள்ளையாக்கி, ஸ்டேட்டஸில் போடுகிறோம்.

பச்சையைப் பற்றி ஒரு துணுக்கு. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-இல் கொடுத்த தீர்ப்பில் பட்டாசில் பேரியம் உப்பு சேர்க்கத் தடை விதித்தது. அதனால் பச்சை கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் எல்லாப் பழியையும் கேமரா மேல் போட வேண்டாம்.

இனி தூரம். என்னைப் பொறுத்தவரை இந்தப் பதிவில் இதுதான் முக்கியமான பகுதி.

ஃபோனின் சாதாரண லென்ஸ், அதாவது 1 எக்ஸ் என்று திரையில் காட்டுவது, ரொம்ப அகலமானது. ஏறத்தாழ 70 டிகிரி அகலக் காட்சியை ஒரு சாண் நீளத் திரைக்குள் அடைக்கிறது. அந்தத் திரையை முகத்திலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் பிடித்துப் பார்க்கிறோம். கணக்குப் போட்டால், கண்ணுக்கு நேரே தெரியும் அளவில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் திரையில் தெரியும். புரியும்படி சொன்னால், 5 மீட்டரில் இருக்கும் புஸ்வாணம் திரையில் 15 மீட்டருக்கு அப்பால் இருப்பதுபோலத் தெரியும். 0.5 எக்ஸ் வைத்தால் 30 மீட்டர் போல. நம் மூளை திரையை நம்புகிறது. “எம்மாடி, எவ்வளவு தூரத்தில் இருக்கு” என்று கால் தானாக முன்னே போகிறது. தைரியசாலிப் பிள்ளை என்று பாட்டி சொல்வாள். தைரியம் ஒன்றும் இல்லை, லென்ஸ் செய்கிற வேலை.

எடுத்தவர் எவ்வளவு கிட்டே நின்றார் என்று வீடியோவை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். வீடியோவில் நொடிக்கு 30 பிரேம். அப்படியானால் ஒரு பிரேமுக்குச் சுமார் 11 மீட்டர். வெடி மின்னிய பிரேமுக்கும் சத்தம் கேட்ட பிரேமுக்கும் இடையில் எத்தனை பிரேம் என்று எண்ணி 11-ஆல் பெருக்கினால் தூரம் வந்துவிடும். தோராயக் கணக்குதான், ஃபோனில் ஒலியும் படமும் ஒரு பிரேம் முன்பின் இருக்கலாம். மின்னலும் இடியும் கணக்கை ஒன்பதாம் வகுப்பில் முகம் சுளித்துக்கொண்டு போட்டீர்களே, அதே கணக்கு. போன வருஷ வீடியோக்களில் அணுகுண்டு என்று போட்டிருந்தவற்றை எடுத்து இப்படி எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மேல் மின்னலும் சத்தமும் ஒரே பிரேம். அதாவது எடுத்தவர் 11 மீட்டருக்கு உள்ளே. அதில் சிலதில் காகிதத் துணுக்கு லென்ஸிலேயே வந்து மோதுகிறது. அதற்குக் கணக்கே வேண்டாம்.

வெடிச்சத்தத்துக்கான மத்திய அரசின் விதி 1999-இல் வந்தது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் 125 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அளக்கும் கருவியே 4 மீட்டரில். தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். நம் பிள்ளை எங்கே நிற்கிறான்?

கண் மருத்துவர்கள் வருஷா வருஷம் சொல்கிறார்கள்: காயம்பட்டு வருகிறவர்களில் பற்றவைத்தவர் மட்டும் இல்லை, சும்மா நின்று பார்த்தவர்களும் நிறைய. சும்மா நிற்பவருக்காவது கண் வெடி மேல் இருக்கும். படம் எடுப்பவருக்குத் திரை மேல்தான் கண். புஸ்வாணம் சாய்ந்தாலும் அவருக்கு அது திரையில் நடக்கிற சங்கதி. இன்னொரு வகை இருக்கிறது, ஒரு கையில் ஊதுபத்தி, மறு கையில் ஃபோன். திரி பிடித்துவிட்டதா என்று திரையில் பார்க்கிறவர்கள். என் வீட்டு விதியைச் சொல்லிவிடுகிறேன்: பற்றவைக்கிறவர் கையில் ஃபோன் கிடையாது. ஃபோன் வைத்திருக்கிறவர் பற்றவைப்பது கிடையாது. பேரப்பிள்ளைகள் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

“அப்போ படமே எடுக்காதீங்க, கண்ணால் பார்த்து ரசியுங்க” என்று சொல்கிற கட்சி ஒன்று உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. சிங்கப்பூரில் பொதுமக்கள் பட்டாசு வெடிக்க 1972-லிருந்து தடை. அங்கே இருக்கிற நம் பிள்ளைகள் தெருவில் ஒரு சங்குசக்கரம் சுற்றுவதைப் பார்க்க நம் வீடியோவைத்தான் நம்பியிருக்கிறார்கள். படியிறங்க முடியாத பெரியவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களுக்காக எடுக்கத்தான் வேண்டும். ஒழுங்காக எடுக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு. ஒழுங்கான செட்டிங் எல்லாமே உங்களைத் தள்ளி நிற்கச் சொல்லும், கையை ஃபோனிலிருந்து எடுக்கச் சொல்லும். அது எனக்கு ரொம்பப் பிடித்த பொருத்தம்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு முதலில். ஒரு சின்னத் தத்துவம் புரிந்தால் எல்லா எண்ணும் தானாக வரும். கோலம் போடும்போது கோடு எவ்வளவு தடிமனாக விழும் என்பது விரல் இடுக்கில் எவ்வளவு மாவு விடுகிறோம் என்பதைப் பொறுத்தது. எவ்வளவு நீளம் என்பது எவ்வளவு நேரம் இழுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. வானத்தில் சீறிப் போகும் பொறி சென்சாரில் ஒரே புள்ளியில் நிற்பதில்லை, கோடு இழுத்துக்கொண்டே போகிறது. அந்தக் கோட்டின் வெளிச்சத்தைத் தீர்மானிப்பது அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும். ஷட்டர் நேரம் கோட்டின் நீளத்தையும், ஒரு படத்தில் எத்தனை பூ விரியும் என்பதையும்தான் தீர்மானிக்கும். 2 நொடியை 4 நொடியாக்கினால் பின்னால் இருக்கும் கட்டடம் வெளிச்சமாகும், பொறியின் கோடு வெளுக்காது. பலருக்கு இது புரியாமல், படம் வெளுத்தால் ஷட்டரைக் குறைக்கிறார்கள். குறைத்தால் மரம் போல விரிய வேண்டியது கடுகு தெறித்ததுபோல வரும்.

எனவே ஐஎஸ்ஓ 100. அதற்கு மேல் போக வேண்டாம். அப்பர்ச்சர் எஃப்/8-இல் ஆரம்பியுங்கள், வெளுத்தால் எஃப்/11, கடைசியில் எல்லாரும் சேர்ந்து கொளுத்தும்போது எஃப்/16. ஷட்டர் 2 முதல் 4 நொடி. வைட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து எடுத்து டேலைட்டில் வையுங்கள். ஆட்டோவில் இருந்தால், திரை முழுக்கச் சிவப்பு வந்த நொடியில் “சிவப்பு ஜாஸ்தி” என்று கேமராவே அதைக் குறைத்துவிடும். ஃபோகஸ் மேனுவலில். தூரத்துத் தெருவிளக்கில் ஒருமுறை சரி செய்து அப்படியே விட்டுவிடுங்கள், இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும். ஃபிளாஷ் வேண்டாம், வானத்துக்கு அது எட்டாது, பக்கத்தில் இருக்கும் புகையைத்தான் வெள்ளையாகக் காட்டும். நீள எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன் என்று மெனுவில் ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். 4 நொடிப் படம் எடுத்தால் இன்னொரு 4 நொடி அது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அதற்குள் அடுத்த ராக்கெட் போய்விடும்.

இதற்கெல்லாம் டிரைபாட் கட்டாயம். இல்லாதவர்கள் துணிப்பையில் ஒரு கிலோ அரிசியைக் கட்டி மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்து, கேமராவை அதில் அமுக்கி உட்கார வையுங்கள். பட்டனை விரலால் அமுக்கினால் ஆடும், 2 நொடி டைமர் வையுங்கள். மாடியிலிருந்து எடுப்பவர்களுக்கு ஒரு லாபம்: விளக்கு போட்ட ராஜகோபுரம் பின்னால் வருகிற மாதிரி நின்றால், ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 2 நொடி என்பது கோபுரத்துக்கும் ஏறக்குறைய சரியாக வரும். ஒன்பது நிலையும் தெரியும், மேலே பூவும் நிறத்தோடு தெரியும். கோபுரத்துக்குப் பக்கத்தில் போய் ராக்கெட் விடுங்கள் என்று நான் சொன்னதாக யாரும் கிளம்ப வேண்டாம்.

ஃபோன்காரர்கள் எண்ணிக்கையில் அதிகம். ஆண்ட்ராய்டு ஃபோன்களில் பெரும்பாலும் ப்ரோ என்று ஒரு மோடு இருக்கும். ஐஎஸ்ஓவை அதில் இருக்கிற குறைந்தபட்ச எண்ணுக்கு இறக்குங்கள், 50 என்றால் 50. ஷட்டர் அரை நொடியில் தொடங்கி 1, 2 என்று பார்த்துக்கொண்டே போங்கள். ஃபோன் லென்ஸின் அப்பர்ச்சர் பெரும்பாலும் மாற்ற முடியாதது, திறந்தே இருக்கும், அதனால் கையில் இருக்கும் ஒரே பிரேக் ஐஎஸ்ஓதான். ஐஃபோனில் ப்ரோ மோடு இல்லை. திரையில் ஓர் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் பூட்டு விழும், பக்கத்தில் சூரியப் படம் வரும். அதைக் கீழே இழுங்கள். “இருட்டாக இருக்கிறதே” என்று பயம் வரும் வரை இழுங்கள். அதுதான் சரியான இடம். லைவ் ஃபோட்டோவில் எடுத்திருந்தால் பிறகு அதை லாங் எக்ஸ்போஷராக மாற்றும் வசதியும் உண்டு. ஓசியில் கிடைக்கிற நல்ல சாமான் அது.

சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் நம் மாணவர் ஒருவர், “சார், இப்பல்லாம் ஏஐ கேமராவே எல்லாத்தையும் பார்த்துக்கும், நீங்க ஏன் சார் கஷ்டப்படுறீங்க” என்றார். பாசத்தோடுதான் சொன்னார். நைட் மோடு என்ன செய்கிறது? அடுத்தடுத்துப் பல படம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கிறது. அசையாத கோபுரத்துக்கு அது அருமை. பட்டாசு முதல் படத்தில் இருந்த இடத்தில் இரண்டாவதில் இருக்காது. சேர்க்கப் போன இடத்தில் கோடு துண்டுதுண்டாகிப் பேய் போல நிற்கும். சில ஃபோன்களில் பட்டாசுக்கென்றே தனி மோடு வைத்திருக்கிறார்கள், இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் எந்த ஏஐயும் “தம்பி, நீ ரொம்பக் கிட்டே நிற்கிறாய்” என்று இதுவரை என்னிடம் சொன்னதில்லை.

மேலே சொன்ன எண்கள் வானத்தில் போய் விரிவதற்கு. இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகளும் பெரும்பாலும் அமெரிக்காவின் ஜூலை 4 போன்ற பெரிய வாணவேடிக்கைக்கு எழுதியவை. நம் தெருவில் முக்கால்வாசி தரையில் நடப்பது. புஸ்வாணத்துக்கும் சங்குசக்கரத்துக்கும் என் வழி இது. கொளுத்தும் இடத்தில் கோலமாவால் ஒரு புள்ளி வையுங்கள். வெடி வைப்பதற்கு முன்பே அந்தப் புள்ளியில் டார்ச் அடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். ஃபோனை ஸ்டாண்டில் 8, 10 மீட்டர் தள்ளி வைத்து, 2 எக்ஸ் அல்லது 3 எக்ஸ் லென்ஸ் போடுங்கள். தூரம் பற்றிச் சொன்ன பொய் இங்கே பாதி சரியாகிவிடும், புஸ்வாணமும் திரை நிறைய வரும். பொறி மழைக்கு அரை நொடி முதல் 1 நொடி. சக்கரத்துக்கு அரை நொடி போதும், வட்டம் முழுமையாக வந்துவிடும்.

பிள்ளையின் முகம் வேண்டும் என்றால் கணக்கு வேறு. கம்பி மத்தாப்பின் வெளிச்சத்திலேயே முகத்தை எடுங்கள்: 1/60 நொடி, ஐஎஸ்ஓ 800, ஃபோகஸ் கண்ணில். மத்தாப்பு கொஞ்சம் வெளுக்கும், பரவாயில்லை, இங்கே கதாநாயகன் முகம். கையை நன்றாக நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்தக் கம்பி நுனி ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டும். “இன்னும் முகத்துக்குக் கிட்டே பிடி, வெளிச்சம் பத்தலை” என்று படத்துக்காகப் பிள்ளையிடம் சொல்கிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். வெளிச்சம் பத்தவில்லை என்றால் ஐஎஸ்ஓவை 1600 ஆக்குங்கள். பிள்ளையின் கையை மடக்காதீர்கள். எரிந்து முடிந்த கம்பியைப் போட வாளித் தண்ணீர், செருப்பு, பருத்திச் சட்டை எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

வீடியோ. 4கே, நொடிக்கு 30 பிரேம். எக்ஸ்போஷரைப் பூட்டுங்கள், பூட்டாமல் விட்டால் ஒவ்வொரு வெடிக்கும் படம் மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கும். ஷட்டரை மாற்ற முடிந்தால் 1/50 அல்லது 1/100. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும், மற்ற எண்ணில் வைத்தால் பின்னால் இருக்கும் தெருவிளக்கு பட்டை பட்டையாக ஓடும். வெடி மின்னும்போது பாதித் திரை வெள்ளை, பாதி கறுப்பு என்று ஒரு பிரேம் வந்தால் ஃபோன் கெட்டுப்போகவில்லை. சென்சார் வரிவரியாகப் படிக்கிறது, பாதி படிக்கும்போது வெடித்துவிட்டது, அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பினால் இருட்டெல்லாம் கட்டம் கட்டமாக உடையும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் எந்த வீடியோவும் வேண்டாம், நான் உட்பட யாரும் பார்ப்பதில்லை.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018-லிருந்து நம் மாநிலத்தில் தீபாவளியன்று காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று இரண்டு மணி நேரம்தான் அனுமதி. ஐப்பசியில் நம் ஊரில் சூரியன் 6 மணி 10 நிமிஷத்தை ஒட்டி உதித்துவிடும். காலை ஒரு மணி நேரத்தில் நீள எக்ஸ்போஷருக்கு வேலையே இல்லை, வானம் வெளுத்திருக்கும். அப்போது பிள்ளைகளை எடுங்கள், எண்ணெய் வழியும் தலை, புதுச்சட்டை, ஓட்டம். அதற்கு ஆட்டோவே போதும். இரவு 7 மணிக்குச் சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், முழு இருட்டு. ஆக மொத்தம் கையில் இருப்பது 60 நிமிஷம். 7 மணிக்கு வந்து செட்டிங் தேடாதீர்கள். 6 மணிக்கே எல்லாம் பூட்டி வைத்துவிடுங்கள். முதல் 10, 15 நிமிஷம் எடுங்கள், அதற்குப் பிறகு தெருவே புகை. ஃபோனை ஸ்டாண்டோடு உள்ளே வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு வந்து நில்லுங்கள்.

புகையை வெல்ல ஒரே வழி காற்று. அந்த மாதத்தில் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும் வாடைதான், ஆனால் தெருவுக்குள் அது எப்படி வேண்டுமானாலும் திரும்பும். ஒரு சிட்டிகை விபூதியைத் தூவிப் பாருங்கள். அது போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் நின்றால், காற்று உங்கள் முதுகில் இருக்கும், புகையும் பொறியும் உங்களை விட்டு விலகிப் போகும். இங்கேயும் படத்துக்கு நல்ல இடமே ஆளுக்கும் நல்ல இடம். மழை வந்தால் எல்லாத் திட்டமும் போச்சு, அதற்கு என்னிடம் செட்டிங் இல்லை.

கடைசியாக, கேட்டுக்கொண்டே இருக்கும் பேரப்பிள்ளைகளுக்காக. கம்பி மத்தாப்பால் காற்றில் எழுதுவது எப்படி? கேமராவை அரிசிப் பையில் வைத்து, ஐஎஸ்ஓ 100, எஃப்/11, 8 நொடி. ஃபோன் என்றால் ஐஎஸ்ஓ குறைந்தபட்சம், 6 நொடி. எழுதுகிறவர் கறுப்பு அல்லது அடர்நிறச் சட்டை போட்டு, பின்னால் விளக்கில்லாத சுவரோடு நின்று, கேமராவைப் பார்த்து, கையை முழுக்க நீட்டி, பெரிதாக ஒரு எழுத்து. ஒருவர் எழுதும்போது மற்றவர்கள் நாலு மீட்டர் தள்ளி. மத்தாப்பை நடுவில் தூக்கி எடுக்க முடியாது, அதனால் தமிழ் எழுத்துக்கு இது பொருத்தமான விளையாட்டு, முக்கால்வாசி எழுத்துக்களை ஒரே இழுப்பில் எழுதலாம். படத்தில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி வரும். எடிட்டில் ஃபிளிப் என்று இருக்கும், ஒரு தட்டு தட்டினால் நேராகிவிடும். ‘ட’வில் தொடங்குங்கள், பிறகு ‘ப’, அப்புறம் ‘அ’. போன வருஷம் மூன்று வீட்டுப் பிள்ளைகள் ‘ழ’ எழுதி அனுப்பினார்கள், மூன்றும் ‘மு’ போலத்தான் இருந்தன. இந்த வருஷம் யாராவது சரியான ‘ழ’ எழுதினால், எத்தனை நொடி வைத்தீர்கள் என்பதையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.